எக்ஸ்ரேயில் இல்லாத நிழல்

ஜூன் 3

சின்னவளுக்கு,

போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். பதினான்கு மாதமாக எடுக்காதவள் இப்போது மட்டும் எடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதை நீ எழுத்தில் தர வேண்டும்.

ஏன் எழுத்தில் என்று உனக்கே தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லா ரிப்போர்ட்டையும் உனக்குத்தான் அனுப்பினேன். படித்தவள், ஆராய்ச்சி செய்கிறவள் என்று. நீ போனில், "ஒண்ணும் இருக்காதுக்கா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாய். அதை நம்பி நான் மத்தியான ஷிப்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா படுத்திருந்த கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். உன் வாய் அப்படி. ஆனால் உன் கைக்குப் பொய் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதத் தெரியாமல் படம் பார்க்கப் போயிருந்தேன் என்று எழுதி முட்டி போட்டவள் நீ. அதனால்தான் கடிதம்.

என் மகனைப் பற்றிக் கேட்கிறேன். நீ இன்னும் நேரில் பார்க்காத பிள்ளை. ஐந்து மாதம் ஆகிறது. பிறந்தபோது இருந்த லட்சணத்துக்கு எல்லோரும் உருண்டை என்றே கூப்பிடுகிறோம். பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். முதலில் காய்ச்சல், அப்புறம் நிமோனியா. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் பென்சிலால் ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டி, இங்கே தைமஸ் என்று ஒன்று இருக்க வேண்டும், நிழலே காணோம் என்றார். அந்தப் பெயரை நீ சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அப்போதெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

ரத்தத்திலும் அது உண்டாக்கும் செல்கள் மிகக் குறைவாம். பிறக்கும்போதே அது இல்லாமல் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரப் பன்னிரண்டு நாள். அதுவரை இரண்டு கதவு வைத்த தனி அறையில் நானும் அவனும் மட்டும். கதவைத் தொட்டால் கை கழுவ வேண்டும், கை கழுவிய குழாயைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். உன் மாமா கண்ணாடிக்கு வெளியே நின்று மகனுக்குக் கையாட்டுகிறார்.

குடும்பத்தில் யாருக்காவது குழந்தை சிறு வயதில் போயிருக்கிறதா, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன்.

எக்ஸ்ரேயின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. தேன் தடவாமல் எழுது.

பெரியவள்


ஜூன் 6

அக்கா,

உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பிரிக்கிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

நான் டாக்டர் இல்லை. எலிகளுக்கும் டாக்டர் இல்லை. ஆனால் எட்டு வருடமாக இந்த ஓர் உறுப்பைத்தான் பார்க்கிறேன். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, இரண்டு வெள்ளை இதழ் போல இருக்கும். குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும். உனக்கும் எனக்கும் இப்போது சுருங்கிக் கொழுப்பாகப் போயிருக்கும். நோய்க் கிருமியோடு சண்டை போடும் செல்கள் அங்கேதான் வளர்ந்து பழகுகின்றன. நீ துணிக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாயே, அதே வேலைதான் அங்கேயும். ஒவ்வொரு செல்லையும் புரட்டிப் பார்ப்பார்கள். ஒன்றுக்கும் உதவாத செல் தேறாது. நம் உடம்பையே கடிக்கும் போலிருக்கும் செல்லும் தேறாது. தேறாததை யாரும் கொல்வதில்லை. அதற்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது, அதுவே தன்னை முடித்துக்கொள்ளும். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, பக்கத்துச் செல் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இப்படிப் போய்விடும். சாகப்போகிற செல்லில் மட்டும் ஒட்டும் ஒரு சாயத்தைப் போட்டு அவற்றை எண்ணுவதுதான் என் வேலை.

படத்தைப் பார்த்தேன். விளக்குக்கு எதிரே பிடித்து, ஜன்னலுக்கு எதிரே பிடித்து, எப்படியெல்லாமோ பார்த்தேன். டாக்டர் சொன்னது சரி. இருக்க வேண்டிய நிழல் இல்லை. பிறவியிலேயே இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

தேன் தடவாமல் கேட்டாய். அப்படி இருந்து, ஒன்றும் செய்யாமல் விட்டால், அந்தக் குழந்தைகள் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பது அரிது. சிகிச்சை இருக்கிறது. எளிதானது இல்லை, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. இந்த இரண்டு வரியை நான்கு தாளில் எழுதிக் கிழித்தேன், இது ஐந்தாவது.

அம்மா விஷயத்தைப் பற்றியும் எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

இங்கே என் வேலையும் நாசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே கொடுக்காமல் வைத்திருக்கும் எலிகள் சில உண்டு. இரண்டு வாரமாக அவற்றின் தைமஸும் கால்வாசியாகச் சுருங்கிக் கிடக்கிறது. நான் ஊசியை மாற்றிப் போட்டிருப்பேன் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் நினைக்கிறார். இருக்கிற பயத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

அவன் எப்படி இருக்கிறான் என்று எழுது. நான் வரட்டுமா?

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

வராதே. வந்தால் என்னால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரிஜெக்ட் என்றால் எங்கள் கம்பெனியை அன்றைக்கே இழுத்து மூடிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு நூற்றுக்கு மூன்று தாண்டினாலே சூப்பர்வைசர் சாமியாடுவார். கடவுள் எந்தத் தைரியத்தில் இப்படி ஒரு கம்பெனி நடத்துகிறாரோ. இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த இரண்டு வரி வந்தது. குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு ஏழு தடவை படித்தேன். எழுதியதற்கு நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன்.

காய்ச்சல் விட்டுவிட்டது, நெஞ்சுச் சளியும் குறைந்துவிட்டது. அப்படியென்றால் தேற வேண்டுமா இல்லையா? இவன் நாளுக்கு நாள் துவண்டு போகிறான். தூக்கினால் ஈரத் துணி மாதிரி கையில் தொங்குகிறான். பாலை நாக்கால் தள்ளுகிறான். ரத்த அழுத்தம் இறங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது, ஏன் என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருத்தி மணிக்கு ஒரு தடவை அவன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுக்கிறாள். முதலில் வீரிடுவான். நேற்றிலிருந்து அழவில்லை. அவன் அழாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்யும் டாக்டர் வந்துவிட்டுப் போனார். மனதைத் தயார் பண்ணிக்கொள்ளச் சொன்னார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் செல்களுக்குள் ஒரு கட்டளை இருக்கிறது என்றாயே. வெளியிலிருந்து ஏதாவது போய் அந்தக் கட்டளையைப் போட முடியுமா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே உட்கார்ந்திருந்தால் கண்டதும் தோன்றுகிறது.

போன மாதம் எடுத்த படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், நீ அவனைப் பார்த்ததே இல்லையே என்று. கன்னத்தைப் பார். அப்போது பசி என்றால் அப்படி ஒரு பசி, பால் குடித்து வாய் துடைப்பதற்குள் மறுபடி கேட்பான். கம்பெனியில் படத்தைக் காட்டினால் யார் கண்ணாவது பட்டுவிடும் என்று மறைத்து வைத்திருந்தேன்.

பெரியவள்


ஜூன் 12, உன் வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சு

அக்கா,

வராதே என்றாய், வந்துவிட்டேன். காலை ரயிலில் வந்தேன். கண்ணாடி வழியாக நீ என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாய். உட்கார்ந்துகொள். ஆனால் இதைப் படி. கண்ணாடி போட்ட நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று உன் கடிதம் வந்தபோது நான் எலிக்கூடத்தில் இருந்தேன். எலிகளுக்குத் தீனி வைக்கும் அண்ணன் ரொம்ப நேரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரை இடிக்கிறார்கள், இரண்டு வாரமாக நாள் முழுக்க மெஷின் சத்தம். "பாவம்மா, ஒரு எலியும் தூங்கல, மூலையில ஒண்டிக்கிட்டு நடுங்குது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊசியை மாற்றவில்லை. பயந்த எலியின் உடம்பு ஒரு சுரப்பை ஊற்றுகிறது. அது தைமஸுக்குப் போனால் தேறின செல், தேறாத செல் எல்லாமே கொத்துக் கொத்தாகத் தங்களை முடித்துக்கொள்ளும். ஒரு நாள் போதும். இது எங்கள் பாடத்தில் முதல் பக்கம்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியும். வெளியிலிருந்து அந்தக் கட்டளையைப் போட முடியும். அந்தச் சுரப்பையே மருந்தாக்கி விற்கிறார்கள். அதற்குப் பெயர் ஸ்டீராய்டு. இழுப்புக்கும் இருமலுக்கும் சிரப்பாகவே வருகிறது. வேண்டிய இடத்தில், அளவாக, டாக்டர் சொன்ன நாளுக்குக் கொடுத்தால் நல்ல மருந்து. வாரக்கணக்கில் கொடுத்தால் பசி அகோரமாகும், கன்னம் உப்பும், தைமஸ் கரையும்.

நீ அனுப்பிய படத்தையும் அவன் பிறந்தபோது மாமா அனுப்பிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது கொழுத்த கன்னம் இல்லை அக்கா.

தினமும் அது சாவதை எண்ணுகிறவள் நான். ஆனால் உன் எக்ஸ்ரேயில் அது இல்லை என்றதும், பிறக்கவே இல்லை என்று எழுதிவிட்டேன். செத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைவிட அதை யார் கேட்டிருக்க வேண்டும்?

உனக்கு நேற்றிலிருந்து எத்தனை தடவை போன் செய்தேன் என்று எண்ணவில்லை. மாமாவைக் கேட்டேன், எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்றார். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் உள்ளே வந்து உன்னைக் கேட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். ஆட்டும்போது உன் விரல் கவுன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அம்மாவின் சர்க்கரை டப்பா காலியானபோதும் நீ இப்படித்தான் பாவாடை நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றாய். வெளியே வந்த டாக்டர், தாயே இல்லை என்கிறபோது ஊகத்தை வைத்து மருந்து போட முடியாது, ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், கொஞ்சம் நேரமாகும் என்றார்.

அக்கா, நேரம் இல்லை. அந்த மருந்தை வாரக்கணக்கில் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், தானாகச் சுரக்க மறந்துபோன உடம்பு துவண்டுவிடும். சர்க்கரை இறங்கும். ரத்த அழுத்தம் இறங்கும். நீ எழுதியதெல்லாம் அதுதான். தைமஸ் இல்லாமல் ஒரு குழந்தை மாதக்கணக்கில் இருக்கலாம். இதில் இன்றைக்கே போய்விடலாம்.

நான் திட்ட மாட்டேன். மாமா திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிடு.

சின்னவள்


அதே நாள், ஆஸ்பத்திரி படிவத்தின் பின்பக்கம்

சின்னவளே,

கொடுத்தேன்.

கம்பெனி வாசலில் இருக்கிற கிளினிக்கில் வாங்கினேன். பழுப்புப் பாட்டில். மூன்றாம் மாதத்தில் நெஞ்சில் இழுப்பு வந்தது. அந்த டாக்டர் ஐந்து நாள்தான் கொடுக்கச் சொன்னார். இரண்டே வேளையில் பிள்ளை சரியாகிவிட்டான். நிறுத்தினால் மறுபடி இருமுகிறான் என்று நானாகவே மருந்துக் கடையில் பாட்டிலைக் காட்டி வாங்கினேன். ஆறு வாரம். எனக்கு லீவு முடிந்துவிட்டது, இருமுகிற பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். உன் மாமாவுக்குத் தெரியாது. அட்மிட் ஆன அன்றைக்கு நிறுத்தினேன்.

முதல் நாள் டாக்டர் கேட்டபோது உன் மாமா பக்கத்தில் நின்றார், வாய் வரவில்லை. அப்புறம் படத்தைக் காட்டிப் பிறவியிலேயே இல்லை என்றார்கள். பிறவி என்றால் யார் குற்றமும் இல்லை, இல்லையா? எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நீ என்னைக் காறித் துப்புவாய். என் பிள்ளை பிறவியிலேயே அது இல்லாமல் பிறந்திருந்தாலும் பரவாயில்லை, என்னால் போனது என்று மட்டும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பெற்றவள் இப்படி நினைப்பாளா?

இதை எழுதி முடித்துவிட்டு நர்ஸிடம் சொல்கிறேன்.

இல்லை, நடுவிலேயே சொல்லிவிட்டேன். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னேன். அவள் ஓடினாள். இப்போது இங்கே நான்கு பேர் நிற்கிறார்கள், என்னைச் சுவரோரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவன் கால் மட்டும்தான் தெரிகிறது. நீ கண்ணாடிக்கிட்ட வந்து நில். அங்கேயே நில், போய்விடாதே.


ஜூன் 17

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அந்த மருந்தையே ஊசியாக ஏற்றிய மூன்றாம் மணி நேரத்தில் அவன் அழுத அழுகையை ரயில் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே வந்தேன். அப்படி ஒரு கரகரத்த குரலை நான் கேட்டதில்லை, நம் அம்மா கடைக்காரரிடம் சண்டை போடும் குரல்.

ஆனால் நீ நிம்மதியாக இருக்கிறாய் என்று மாமா சொன்னதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவன் துவண்டதற்குக் காரணம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தைமஸ் திரும்பி வருமா என்று தெரியாது. சுருங்கியதா, இல்லவே இல்லையா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. நான் இரண்டாவது தடவையும் தப்பாகச் சொல்லியிருக்கலாம். சுருங்கியது என்றால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் குறைக்க வாரக்கணக்கில் வளரும். என் எலிகளுக்கு வளர்கிறது. சுவர் இடிப்பதை நிறுத்தச் சொல்லி மேடம் சண்டை போட்டார், நான் அழுததைப் பார்த்து.

நீ எழுதிவிட்டாய். நானும் எழுதிவிடுகிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் நீ அப்படித்தான் நினைத்திருப்பாய். உண்மையைச் சொன்னால் நீ உடனே கிளம்பி வா என்பாய். வந்தால் நான் பார்க்க வேண்டும். நாள் முழுக்க சாவை எண்ணுகிறவளுக்கு ஒரு சாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லை. அதனால் ஒண்ணும் இருக்காது என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே அது நிஜம் போல இருந்தது.

சின்னவள்


ஜூலை 8

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் போடவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். முதல் வாரம் கோபம்தான். இரண்டாம் வாரம், நான் நர்ஸிடம் சொல்லாமல் இருந்த இருபது நாளை நினைத்துக்கொண்டேன். நான் எந்த வாயால் உன்னைக் கேட்பேன்? மூன்றாம் வாரம் சோம்பேறித்தனம்.

உன் மாமா என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து டாக்டர் மேசைமேல் வைத்துவிட்டு, நானும் வீட்டில்தானே இருந்தேன், நான் ஏன் பார்க்கவில்லை என்றாராம். நர்ஸ் சொன்னாள்.

ரத்தத்தின் பதில் தாமதமாகத்தான் வந்தது. தைமஸிலிருந்து புதிதாகப் புறப்பட்டு வந்த செல்லுக்கு ஓர் அடையாளம் உண்டாமே. அது இவன் ரத்தத்தில் குறைவாக இருக்கிறதாம். குறைவு என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரே அவசரமாகச் சொன்னார்: "இல்லாத இடத்துலேர்ந்து ஒண்ணுகூட வராதும்மா." போன வாரம் ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துத் தேடினார்கள். என் சுண்டுவிரல் நகத்தளவு ஏதோ இருக்கிறது என்றார்கள். தைமஸாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், படம் எடுத்துத்தான் சொல்ல வேண்டுமாம். கன்னம் வற்றிவிட்டது. உருண்டை என்று கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி எக்ஸ்ரே. பென்சிலால் சுற்றிய அந்த இடம் மறுபடி காலியாக இருந்தால், இந்த முறை சொல்லாமல் விட்டது என்று என்னிடம் எதுவும் இல்லை. அவர்களிடம் கொடுக்க ஒரு பாட்டில்கூட இல்லை.

அதனால், வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் போன் செய். எடுப்பேன். "ஒண்ணும் இருக்காதுக்கா" என்று சொல். உனக்கு எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். நான் நம்ப மாட்டேன். இருந்தாலும் அதை உன் குரலில் கேட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன்.

அக்கா